தயிர்ச்சோறும் கறுப்பு நாயும்

கே.கே. நகரில் என் மகன் வீட்டுக்கு எதிர்வீட்டு அம்மாள் தினமும் காலையில் தன் நாயைக் குளிப்பாட்டித் துவட்டி, "அம்மாகிட்ட வாடா தங்கம்" என்று கொஞ்சுவாள். நேற்று அது ஈரத்தோடு தப்பித்து வந்து என் காலடியில் உடம்பை உதறியது. ஈர நாயின் வாடை சிலருக்குக் குமட்டும். எனக்கு நனைந்த சாக்கு ஞாபகம் வரும். சாக்கு என்றால் ராவுத்தர் கடை. ராவுத்தர் கடை என்றால் சுந்தரம். அந்த ஆள் மேல் எனக்கிருக்கும் கோபம் இத்தனை வருஷத்தில் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. உங்களிடம் மறைப்பானேன்.

ரெண்டாவது உலகச் சண்டைக்கு முந்தைய காலம். திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் காடு. மதுரையில் கயிறும் சாக்கும் விற்கும் ராவுத்தர் கடையில் வேலை கிடைத்து நான் கிளம்பியபோது, கடலைக்காட்டுக்குக் காவல் கிடந்த கருப்பியும் கூடவே வந்துவிட்டாள். விரட்டினேன். போகிற மாதிரி போய்ப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். நாயோடு வேலைக்குச் சேர்ந்த முதல் குமாஸ்தா நானாகத்தான் இருக்கும்.

ராவுத்தர் அவளைக் கடைப்படி ஏறவிட மாட்டார். "நாய் இருக்க எடத்துக்குள்ள மலக்குமாரு, அந்த வானவருக, வரமாட்டாக தம்பி. வெளிய கெடக்கட்டும். ஆனா பட்டினியாக் கெடந்தா அந்தக் கேள்வி என்கிட்டதான் வரும்" என்பார். அவரே மண்சட்டியில் தண்ணீர் வைப்பார். சந்துக்குள் அவர் சாக்கு அடுக்கி வைத்திருந்த கிட்டங்கியின் தாழ்வாரத்தில்தான் கருப்பி குட்டி போட்டாள். பிழைத்தது ஒன்றே ஒன்று, ஆத்தாளைப் போலவே கன்னங்கரேல் என்று.

நான் குடியிருந்தது சுந்தரம் வீட்டு முன்கட்டில். மனிதர் பைரவர் பக்தர். அஷ்டமிக்கு அஷ்டமி வடைமாலை சாத்துவார். பைரவருக்குப் பின்னால் நிற்கிற கல் நாய்க்கும் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் உண்டு. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். உயிருள்ள நாய் மட்டும் அவருக்குத் தீட்டு. ஒரு நாள் வைகையில் குளித்து ஈரவேட்டியோடு வந்தவரைக் கருப்பி வாலை ஆட்டிக்கொண்டு போய் உரசிவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ஆற்றுக்கு நடந்தார்.

அந்த நாளில் கழுத்தில் வாரும் முனிசிபாலிட்டி வில்லையும் இல்லாத நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அடித்துவிடுவார்கள். கருப்பிக்கு நான் வில்லை மாட்டியிருந்தேன். ஒரு சாயங்காலம் கடையிலிருந்து திரும்பினால் வாசலில் வார் மட்டும் அறுந்து கிடந்தது.

"அய்யா, கருப்பி எங்க?"

"வண்டிக்காரன் கொண்டுபோயிட்டான். வார நாந்தான் அறுத்துவிட்டேன். தெருவுல இருந்த மத்த நாயெல்லாத்தையும் புடிச்சுக் குடுத்தாச்சு" என்றார், விபூதி பூசிக்கொண்டே.

ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கிக்குக் குடிபோனேன். அந்த ஆளை அடிக்கலாம் என்றால் நான் அப்போது ஈர்க்குச்சி. அதனால் சபித்தேன். நீ நாசமாப் போக என்று விடாமல் சபித்தேன். குட்டிக்குச் சுந்தரம் என்று பேர் வைத்தேன். "அடே சுந்தரம், சாக்குல மூத்திரம் பேயாதடா" என்று அதட்டும்போதெல்லாம் வயிறு குளிர்ந்தது.

சாபம் பலித்ததோ என்னவோ, அடுத்த வருஷம் சுந்தரத்தின் அண்ணன் வீடு தனக்குத்தான் என்று கோர்ட்டுக்குப் போனார். வீடு போனால் சுந்தரத்துக்குத் தெருதான். சோசியர் ஒரு வழி சொன்னாராம். தீர்ப்பு வரும்வரை தேய்பிறை அஷ்டமிதோறும் பைரவரின் வாகனமான கறுப்பு நாய்க்குத் தன் கையால் தயிர்ச்சோறு ஊட்ட வேண்டும், ஒன்று தவறினாலும் வீடு நிற்காது. இலைப் பொட்டலத்தோடு அந்த மனுஷன் அலைந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இருந்த நாயையெல்லாம்தான் வண்டியில் ஏற்றியாயிற்றே. கடைசியில் எங்கள் கடை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, ஒங்க கிட்டங்கில கறுப்பு நாய் கெடக்காமுல்ல?"

"கெடக்கு அய்யா. பேரச் சொல்லிக் கூப்புட்டாத்தான் வரும்."

"என்ன பேரு?"

சொன்னேன். ராவுத்தர் உள்ளேயிருந்து வேண்டாம் என்று சாடை காட்டினார். நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

சந்துக்குள் போய்க் குத்தவைத்து முதலில் "ச்சு ச்சு" என்றார். நாய் காதை மட்டும் ஆட்டியது. பிறகு அடித்தொண்டையில், "சுந்தரம், வாப்பா சுந்தரம்" என்றார். பக்கத்துத் தகரக்கடைக்காரன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் சத்தமாக் கூப்புடுங்கண்ணே, அதுக்குக் கேக்கல" என்றான். சந்தே சிரித்தது. ஒவ்வொரு அஷ்டமிக்கும் அவர் வந்தார். நானும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று ஆசைதீரக் கேட்டேன்.

ஒரே எரிச்சல், நாய்க்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சோறு தீர்ந்த பிறகும் கையை நக்கும். அவரும் இழுத்துக்கொள்ள மாட்டார். நாளாக ஆக, அதன் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஆற்றுக்குக் குளிக்கவும் போவதில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த மனுஷனுக்குச் சந்தோஷம் கொடுக்கவா கருப்பி குட்டி போட்டாள்?

வழக்கு முடிகிற சமயம் ஒரு அஷ்டமியன்று, "நல்ல நாயி தம்பி. எங்க எடுத்த குட்டி?" என்று கேட்டார்.

"நீங்க வார அறுத்துவிட்டீகளே, அந்தக் கருப்பி பெத்தது."

அவர் கை அப்படியே நின்றது. நாய் அதிலிருந்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. "இதுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது அய்யா. அதான் திங்குது."

அடுத்த அஷ்டமிக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த அஷ்டமிக்கும் வரவில்லை. வீடு அண்ணனுக்குத் தீர்ப்பாகி, அவர் சோழவந்தானில் மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். "அம்புட்டையும் ஏன் தம்பி சொன்னே?" என்றார் ராவுத்தர். நான் சாக்கை எண்ணப் போய்விட்டேன்.

இப்போது ராவுத்தர் இல்லை. கிட்டங்கி இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. சுந்தரத்தின் வீட்டை யாரோ வாங்கி இடித்துவிட்டார்கள். வில்லை, வண்டி எல்லாம் போய், நாய்க்குச் சோப்பும் துண்டும் வந்துவிட்டது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு என் மகன், "அவர அப்பவே மன்னிச்சிருக்கலாமேப்பா" என்கிறான். அவன் கருப்பியைப் பார்த்ததில்லை.