பொட்டு வைத்த கீபோர்டு

ஆயுத பூஜை வந்தால் எங்கள் வீட்டில் பொட்டு இல்லாமல் தப்பிக்கிற பொருள் கிடையாது. நைனா, அதாவது அப்பா, மோட்டார் மெக்கானிக். அவருடைய ஸ்பேனர், சுத்தியல், மொபெட், அம்மாவின் தையல் மெஷின், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. அந்த வருஷம் கூடவே ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. பெங்களூரில் வேலை செய்த மாமா, ஆபீசில் கழித்துக்கட்டியதை வாங்கித் திருப்பதிப் பக்கம் எங்கள் ஊரான புத்தலப்பட்டுக்கு அனுப்பியிருந்தார். அதன் கீபோர்டு வரும்போதே அழுக்குதான். யாரோ தின்ற முறுக்குத் தூள் இடுக்கெல்லாம் கிடந்தது.

மொத்தத்துக்கும் ஒரு பொட்டு போதும் என்று சொல்லிவிட்டு அக்கா குளிக்கப் போனாள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"ஒண்ணுக்கு வெச்சி இன்னொண்ணுக்கு வெக்கலைன்னா எப்பிடி? எல்லாந்தானே வேலை செய்யுது" என்று ஒவ்வொரு எழுத்துக் கட்டைக்கும் சந்தனம் வைத்தாள். எனக்கு எட்டு வயசு. பின்னாலேயே குங்குமம் வைத்துக்கொண்டு போனேன். சந்தனம் கொஞ்சம் நீர்த்திருந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. அதனால் சந்தனம் யார் தொந்தரவும் இல்லாமல் உள்ளே இறங்கிக் காய்ந்தது.

விஜயதசமி காலையில் அக்கா உட்கார்ந்து ஒரு கட்டையைத் தட்டினாள். உள்ளே போனது மேலே வரவில்லை. இன்னொன்றைத் தட்டினாள், அதுவும் வரவில்லை. அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவள் அழுததில் நியாயம் இருந்தது. பத்து நாளில் பெங்களூரில் அவளுக்கு ஒரு பரீட்சை. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் கேட்டுக்கொண்டே டைப் அடிக்கிற வேலை. நிமிஷத்துக்கு நாற்பது வார்த்தை வேண்டும். அக்கா முப்பதைத் தாண்டவில்லை. கீழே குனிந்து எழுத்தைப் பார்த்துப் பார்த்து அடிக்கிற பழக்கம் அவளுக்கு. திருப்பதியில் டைப் சொல்லிக்கொடுத்த சார் தலைதலையாய் அடித்துக்கொண்டும் அது போகவில்லை. இந்த வேலை கிடைக்காவிட்டால் தை மாசமே பலமநேர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவதாக நைனாவிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையை எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது, அக்காவைத் தவிர.

"அழுவாதம்மா. அஞ்சு ஹெச்பி மோட்டாரையே கழட்டி மாட்டறேன், இது இன்னா?" என்றார் நைனா.

மோட்டாரைக் கழற்றுகிற மாதிரியேதான் கழற்றினார். தெலுங்குப் பேப்பரை விரித்து, ஸ்பூன் காம்பால் ஒவ்வொரு கட்டையாக நெம்பி எடுத்து, இருந்த வரிசையிலேயே அடுக்கினார். அடிப்பலகையைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, துணியால் துடைத்தார். அதற்குள் யாரோ போர் மோட்டார் நின்றுவிட்டது என்று கூப்பிட, "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா எப்படித் தொடாமல் இருப்பாள்? சந்தனம் காய்ந்த பொருள் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான், பூஜைப் பாத்திரம். பூஜைப் பாத்திரத்துக்குப் புளியும் சாம்பலும். அக்கா அறையில் படுத்திருந்தாள். அம்மா பேப்பரோடு தூக்கி அத்தனை கட்டைகளையும் ஒரு குண்டானில் கொட்டினாள். இரண்டு பேரும் தொட்டியடியில் உட்கார்ந்து தேங்காய் நாரால் தேய்த்தோம். நான் தேய்த்த தேய்ப்பில் அம்மாவே மெச்சிக்கொண்டாள். கட்டைகள் புதுசு மாதிரி ஆகிவிட்டன. எழுத்துகள்தான் இல்லை.

நைனா திரும்பி வந்து குண்டானைப் பார்த்தார். வழக்கமாக அம்மாவைத் திட்டுவதற்கு அவரிடம் நிறைய இருக்கும். அன்றைக்கு அதையெல்லாம் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சாய்மானத்தை வைத்து எந்தக் கட்டை எந்த வரிசை என்று பிரித்து, மாட்டி முடித்தார். எல்லாம் மொட்டையாக இருந்ததால் எதை எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.

அக்கா வந்து பார்த்தாள். "இன்னாம்மா இது" என்று மட்டும் கேட்டாள். அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அக்கா உட்கார்ந்து தட்டிப் பார்த்தாள். கட்டைகள் துள்ளிக்கொண்டு மேலே வந்தன. குனிந்தாள், பார்க்க ஒன்றும் இல்லை. நிமிர்ந்தாள்.

அந்தப் பத்து நாளும் நைனாவின் வாட்சை வைத்துக்கொண்டு "ஸ்டார்ட்", "ஸ்டாப்" சொன்னது நான்தான். முதல் நாள் இருபத்திரண்டு. அம்மா சாமிக்குக் காசு முடிந்து வைத்தாள். நாலாம் நாள் முப்பத்தொன்று. ஒன்பதாம் நாள் நாற்பத்து மூன்று வந்தபோது நைனா, பரவாயில்லை என்பதைத் தெலுங்கில் "பர்வாலேது" என்றார். அவரிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அக்கா பாஸ். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் எழுத்தை அழித்ததால்தான் அக்காவுக்கு வேலை கிடைத்தது என்று ஸ்கூலில் எல்லோரிடமும் தெலுங்கிலும் தமிழிலும் சொன்னேன். அது உண்மைதான், இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. நைனா அப்படித்தான் வந்தார்.

அக்கா கிளம்பிய காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு எல்லோரும் போனோம். பெங்களூர் பஸ்ஸில் நைனா பெட்டியை ஏற்றினார். ஒரு நாளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய பெட்டி என்று நினைத்தேன், கேட்கவில்லை. கேட்க வேண்டியது வேறு இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எக்கி, "சாயங்காலம் வரும்போது எனக்குக் கேக்கு, கலர் பென்சில், கிரீம் பிஸ்கட்டு எல்லாம் வாங்கிக்கினு வா" என்றேன்.

அக்கா அழுதாள். அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதல் நாளே இத்தனை கேட்டுவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. பஸ் நகரும்போது கூடவே ஓடி, "சரி அக்கா, அழுவாத! பிஸ்கட்டு மட்டும் போதும்!" என்று கத்தினேன்.