அம்மாவுக்குச் செய்து கொடுத்த சத்தியம்

அம்மாவுக்குக் கத்தி என்றாலே குலை நடுங்கும். பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, விடிந்ததும் வார்டு உடுப்போடு ரத்தோட்டை பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு கிளினிக் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. நோயும் மருந்தும் எழுதிய கிளினிக் கொப்பியையும் அடுப்பில் போட்டாள். "செத்தாலும் என்ன வெட்ட விட்றாத. சத்தியம் பண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டுதான் சத்தியம் செய்தேன்.

போன வருடம் ஒரு காலை, தேத்தண்ணீர் கொண்டுபோய் எழுப்பினேன். அம்மா எழும்பவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "போயிட்டாங்க பிள்ள. கிராம சேவகருக்குச் சொல்லி அனுப்பு, வீட்டுச் சாவுன்னு அவர் எழுதித் தந்தாப் போதும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா வெட்டிருவாங்க."

எனக்கு வந்ததே கோபம்! "நீங்க என்ன டொக்டரா?" என்று கத்தினேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் படித்து டீச்சர் ஆனவள் நான் ஒருத்திதான். என்னை யார் மறிப்பது? ஓட்டோவில் அம்மாவை மடியில் சாய்த்து, வழியெல்லாம் கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனேன்.

கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டார்கள். பொலிஸுக்கும் அறிவித்தார்கள். மதியம் திடீர் மரண விசாரணை அதிகாரி வந்தார். தமிழ் பேசும் முஸ்லிம் பெரியவர்.

"கிளினிக் கொப்பி இருக்கா மகள்?"

இல்லை என்றேன்.

"அப்ப போஸ்ட்மோர்ட்டம் செய்யத்தான் வேணும்."

"நான் சம்மதிக்க மாட்டேன் சேர். அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "வார்டுல வச்சு காலமானவங்கள, என்ன நோயின்னு அறிய டொக்டர்மார் திறந்து பாக்கிறதுன்னா உங்கட சம்மதம் வேணும். இது காரணம் தெரியாத சாவு. நான் உத்தரவு போட்டாப் போதும். உங்ககிட்ட கேக்கச் சட்டத்துல இடமில்ல."

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடச் சொன்னார்.

"அப்ப இந்தக் கையெழுத்து எதுக்கு?"

"இது உங்கட அம்மாதான்னு சொல்றதுக்கு."

போட்டேன். வேறு என்ன செய்ய? அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. அம்மாவை அங்கே தூக்கிக்கொண்டு போனவள் நான்தானே, பாவி.

மாரடைப்பு என்று பின்னேரம் சொல்லி, உடலைத் தந்தார்கள். வீட்டில் சேலை மாற்ற அந்த அக்காதான் வந்தார். துணியை விலக்கியவர் சட்டென்று மூடினார். காலையில் நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீ பாக்காத பிள்ள, வெளிய போ" என்றார்.

நான் அதற்குள் பார்த்துவிட்டேன்.