கப்பல் ஏறாத கிடா

எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத சலுகை ஒரு கிடாவுக்கு இருந்தது. அதை யாரும் அடிக்கக் கூடாது. விற்கக் கூடாது. "சீ, போ" என்று முகம் சுளித்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. எனக்கோ இதில் ஒன்றும் கிடையாது. அம்மாவின் அகப்பை அடிக்கடி என் முதுகைத்தான் தேடி வரும்.

இத்தனைக்கும் அந்தக் கிடா வீட்டுக்குள் வந்ததே என்னால்தான். தவழ்கிற வயதில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்ததாம். எந்த மருந்துக்கும் இறங்காத காய்ச்சல். தாத்தா கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஊரில் இருக்கிற கருப்பரிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் ஒரு கிடா. நானே நேரில் வந்து வெட்டுகிறேன் என்று. நான் பிழைத்துக்கொண்டேன். உடனே ஒரு கறுப்புக் குட்டியை வாங்கி வந்து, காதில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, கருப்பருக்கென்று விட்டார். நேரில் வருகிறேன் என்று சொன்னதில்தான் வம்பு. கருப்பர் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் மலாக்காவில், காஜா பேராங்கில் இருந்தோம்.

தாத்தா மீசை அரும்புகிற வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். ரப்பர் மரம் சீவினார். மலேரியாவில் படுத்து எழுந்தார். நகராட்சிக்கு மாட்டு வண்டி ஓட்டினார், சாலைக்குக் கல் பரப்பினார். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டு, அப்பாவைத் தனியாளாக வளர்த்தார். அவ்வளவையும், பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் நடந்த சங்கதிபோலத்தான் சொல்வார். சொல்லி முடித்ததும், "அடுத்த தைக்கு ஊருக்குப் போயிருவேன்" என்பார். அந்தத் தை வரும்போது வீட்டுக் கூரை ஒழுகும், இல்லையென்றால் என் தம்பி பிறப்பான். தை போய்விடும்.

கிடா மட்டும் நிற்காமல் வளர்ந்தது. தாடி வைத்தது. கொம்பு பின்னால் வளைந்தது. மொச்சை வாடை தெருமுனைக்கே அடித்தது. நேர்ந்துவிட்டதற்குப் பேர் வைக்கக் கூடாது என்றார் தாத்தா. நான் கேட்பேனா? தோட்டத்துத் துரை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறதே என்று "துரை" என்று வைத்தேன். அசல் துரைகள் எல்லாம் மூட்டை கட்டிக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் துரையும் கப்பல் ஏற வேண்டியவர்தான்.

"ஆட்டையெல்லாம் கப்பல்ல ஏத்த மாட்டான்பா" என்று அப்பா சொல்வார். அப்பா பஸ் கண்டக்டர். எதை ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது என்பதில் கறாரான மனிதர்.

"நான் வந்த கப்பல்லயே ஆடு வந்துச்சுடா. வந்த வழியில போகக் கூடாதா?" என்பார் தாத்தா.

பக்கத்து வீட்டில் ஒரு செட்டி அம்மா இருந்தார். மலாக்காச் செட்டிகள் எங்களுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாலேயே கப்பலில் வந்து இறங்கியவர்கள். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். அந்த அம்மாவின் செம்பருத்தியைத் துரை மேய்ந்துவிட்டால் கம்போடு ஓடி வருவார். கிட்டே வந்ததும் காது வெட்டு கண்ணில் படும். கம்பைக் கீழே போட்டுவிட்டு, "கம்பிங் சாமி" என்று கும்பிட்டுக்கொள்வார். கம்பிங் என்றால் ஆடு. போகிற போக்கில் தாத்தாவைப் பார்த்து, "தாத்தா, பிலா பாலேக்?" என்பார். எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்பது. அது அவருக்கு ஒரு விளையாட்டு. தாத்தாவும் சிரித்தபடி தை மாதத்தைச் சொல்லிவைப்பார்.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். எங்கள் சந்து முழுக்கக் காகிதக் கொடி கட்டினார்கள். விடிந்து பார்த்தால், எட்டிய தூரம் வரை எல்லாவற்றையும் துரை தின்று தீர்த்திருந்தார். போலீஸ் வந்துவிடும் என்று அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. போலீஸ் வரவில்லை, வேறொரு பேச்சு வந்தது. இனிமேல் இங்கே இருக்கிறவர்கள் பிரஜா உரிமை எடுக்க வேண்டும், ஆபீசில் போய்க் கையைத் தூக்கி, இனி இதுதான் என் நாடு என்று சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். எடுக்காமல் ஊருக்குப் போனால் திரும்பி உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ, யாருக்கும் நிச்சயமில்லை.

"போனா போனதுதான்பா. பேரப்பிள்ளைங்க மூஞ்சிய மறந்துற வேண்டியதுதான்" என்றார் அப்பா.

"அங்க ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்டா" என்றார் தாத்தா. பல நாள் வீட்டில் சோறு போடுகிற சத்தம்தான் கேட்டது.

தாத்தா போனால் துரையும் போய்விடும். ஒரே கப்பலில் இரண்டு பேரும். தாத்தா துரைக்குப் பலா இலை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"தாத்தா, போகாதீங்க தாத்தா."

"நான் போகலன்னா இது என்ன புள்ள செய்யும்?"

"இதுவும் இங்கேயே இருக்கட்டும்."

தாத்தா என் தலையைத் தடவினார். காரியம் முடிந்துவிட்டது என்று நான் குதித்துக்கொண்டு ஓடினேன்.

கொஞ்ச நாளில் தாத்தா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அப்பாவோடு ஆபீசுக்குப் போனார். கையைத் தூக்கிவிட்டு வந்தார். அம்மா பாயசம் வைத்தாள். தாத்தா பாயசத்தைக் குடித்துவிட்டு நேராகச் செட்டி அம்மாவின் வேலியோரம் போய் நின்றார். நானும் கூடவே போனேன். அவர்கள் குடும்பத்துக்கு ஒரு காவல் சாமி உண்டு. கம்பம் என்கிற அவர்கள் குடியிருப்பின் ஓரத்தில், டுரியான் மரத்தடியில் ஒரு சூலம். எங்கள் ஊர்ச் சாமிக்கு நேர்ந்ததை உங்கள் சாமியிடம் கொடுத்தால் ஆகுமா என்று தாத்தா மலாயில் கேட்டார்.

செட்டி அம்மா இந்தத் தடவை விளையாடவில்லை. எங்கள் ஊர் எது என்றே எங்களுக்குத் தெரியாது தாத்தா, என் பாட்டனுக்கும் தெரியாது, அதற்காக நேர்த்தி செய்யாமலா இருக்கிறோம், கொண்டுவாருங்கள் என்றார். தாத்தா வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அந்த அம்மா சரி என்றுதானே சொன்னார், இவருக்கு என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துரைக்கு மாலை போட்டு டுரியான் மரத்தடிக்குக் கூட்டிப் போனார்கள். செட்டி அம்மாவின் அண்ணன் அரிவாளோடு நின்றார். அம்மா என்னை வீட்டில் இருக்கச் சொல்லியும் நான் இருக்கவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடா உடம்பைச் சிலிர்த்துத் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். துலுக்காவிட்டால் அரிவாளைத் தொடக் கூடாது. துலுக்காதே துரை, துலுக்காதே என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். துரை அசையவில்லை. இன்னும் ஊற்றினார்கள். மாலையில் இருந்த ஒரு பூவைத் தின்றுகொண்டு சும்மா நின்றார். செட்டி அம்மாவின் அண்ணன் அப்பாவைப் பார்த்தார். கருப்பர் கோபமாக இருக்கிறார், தாத்தாவே நேரில் போனால்தான் உண்டு என்று யாரோ முணுமுணுத்தார்கள். தாத்தாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

அவர் எழுந்து போய்த் துரையின் கொம்பைப் பிடித்தார். அதைச் சூலத்துக்கு முதுகு காட்டித் திருப்பி, கடல் இருக்கிற திசையைப் பார்க்க நிறுத்தினார்.

"அப்பா, சாமி இந்தப் பக்கம் இருக்கு" என்றார் அப்பா.

தாத்தா காதில் வாங்கவில்லை. செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரோ எதிரே நிற்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"நான் வரமாட்டேன்யா. இனிமே வரமாட்டேன். இங்கேயே வாங்கிக்க."

தண்ணீரை ஊற்றினார். துரை தலையிலிருந்து வால் வரைக்கும் உடம்பை உதறித் துலுக்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். அம்மா என் முகத்தைத் தன் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

திரும்பிப் பார்த்தபோது தாத்தா மரத்தின் வேரில் உட்கார்ந்து, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப் போய் அவரைக் கட்டிக்கொண்டேன். துரைக்காக அழ இன்னொரு ஆளாவது இருக்கிறாரே என்று எனக்கு அவ்வளவு ஆறுதல்.

அதற்கப்புறம் தாத்தா வெகுகாலம் இருந்தார். என் கல்யாணத்தில் நின்றார், என் மகனைத் தூக்கிக்கொண்டு இதே சந்தில் நடந்தார். தை மாதங்கள் வந்து போயின. ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

துரையை வெட்டிய அன்று மத்தியானம் எல்லோரும் கறிச்சோறு சாப்பிட்டார்கள். தாத்தாவும் நானும் இலையைத் தொடவில்லை. இரண்டு பேரும் ஒரே துக்கத்தில்தான் பட்டினி கிடக்கிறோம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.