பல் டாக்டரம்மாவின் பத்திரிகைகள்

வீங்கிய கன்னத்தில் ஈரத் துண்டை ஒற்றியபடி, விழுப்புரம் பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையில் என் மாமியார் ஒரு வார இதழைப் புரட்டிக்கொண்டு நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடைவாய்ப் பல் வலியில் அவர் முந்தின நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அந்த நிலையிலும் கதையின் முதல் பத்தியைப் படித்துவிட்டு, "இதுவும் அழுவாச்சிதான்" என்று இதழைத் திருப்பி வைத்தார். அவருக்குப் பொழுதுபோகத்தான் படிக்க வேண்டும். ஆனால் எழுத்து நன்றாக இருக்க வேண்டும். இரண்டாம் பக்கத்திலேயே கதாநாயகிக்கு இருமல் வந்தால் மூடிவிடுவார். நகைச்சுவைத் துணுக்குகளைக் காட்டினால், "இது என் கல்யாணத்துக்கு மின்னாடியே வந்துச்சு" என்பார்.

ஆண் டாக்டர் வாய்க்குள் கை விடக் கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் திண்டிவனத்தில் இருந்த பல் டாக்டரம்மாவைத் தேடிப் போனோம். காத்திருக்கும் அறையில் மாதா படத்துக்குக் கீழே ஒரு மேசை. அதன்மேல் எங்கள் ஊர்க் கடைகளில் கண்ணிலேயே படாத மாத இதழ்கள். மாமியார் வேண்டாவெறுப்பாக ஒன்றை எடுத்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தன்னைக் கடித்த நாய்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து எழுதியிருந்தார். சற்று நேரத்தில் மாமியார் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறினேன். "வலி உயிர் போவுது, சிரிக்க வக்கிறான் பாவி" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

அன்றே பல்லை எடுத்தாயிற்று, வலியும் போயிற்று. ஆனால் அடுத்த வாரம், "இந்தப் பக்கமும் ஒரு மாதிரியா இருக்குது" என்றார். மாமனார் கவலைப்பட்டு, டாக்டரம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையையும் ஒரு பை தந்து அனுப்பினார். அங்கே போனால், மாமியார் முறை வரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரை உள்ளே அனுப்பினார். "நீங்க போங்க, பாவம். எனக்கு இன்னா அவசரம்?" விக்கிரவாண்டியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் கண்கலங்கிவிட்டாள். "இவ்ளோ வலியோட உக்காந்துக்கினு அடுத்தவங்கள மின்னாடி வுடறீங்களே, தெய்வம்மா நீங்க!" தெய்வம் இதழிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையசைத்தது. எல்லோரும் போனதும், "வலி நின்னுடுச்சு, வா, ஜல்தி! பஸ்ஸ பிடிக்கலாம்" என்று எழுந்துவிடுவார். இப்படியே பல வாரங்கள். பிடிபட்டால் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று நான்தான் உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் நல்ல மழை. எங்களைத் தவிர யாருமே இல்லை. டாக்டரம்மாவே வெளியே வந்து, "இன்னிக்கு உங்களுக்கு முன்னாடி யாரும் இல்லீங்க" என்றார். மாமியார் இதழில் விரலை வைத்தபடியே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். எந்தப் பல் என்று கேட்டதற்கு வலப்பக்கம் காட்டினார். மறுபடி கேட்டபோது இடப்பக்கம் காட்டினார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"சரி, ரெண்டையும் எடுத்துடலாம்" என்று அவர் இடுக்கியைக் கையில் எடுத்ததும் மாமியார் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குது டாக்டரம்மா. படிக்கத்தான் வர்றேன். இந்த மாதிரி எழுத்து எங்க ஊர்ல கெடைக்கலியே."

திட்டப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். இடுக்கியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது, பிறகு சிரிப்பு. "ஆசைப்பட்டு வரவழைக்கிறேன், ஒண்ணைக்கூடப் பிரிச்சுப் பார்க்க நேரமில்லீங்க. இதுல எது நல்லாருக்கு, சொல்லுங்க?" மழை விடும்வரை மாமியார் அந்த நாற்காலியில் சாய்ந்தபடி கதை கதையாகச் சொன்னார். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

கடைசியில், "வந்ததுக்கு வாயைத் திறங்க" என்று விளக்கை இழுத்துப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நெசமாவே ரெண்டு பல்லு சொத்தைங்க. கொஞ்சங்கொஞ்சமா மருந்து வச்சு அடைக்கணும். வாராவாரம் வர வேண்டியிருக்கும்."

இப்போது பல் மருத்துவமனைகளில் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். பெயரைக் கூப்பிட்டதும் துள்ளி எழுகிறார்கள். சொத்தை என்று கேட்டு முகம் வாடாதவர் யாரையும் நான் பார்த்ததில்லை. என் மாமியார் முகமோ அன்று மலர்ந்துவிட்டது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "உன் மாமாகிட்ட நீயே சொல்லும்மா. நான் சொன்னா சிரிச்சுடுவேன்."