பதினேழு நிமிடம் பின்தங்கிய கடிகாரம்

போன வாரம் பழவங்காடியில் செல்போன் பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். மழைக்காலம். ஏசி போட்டு மூடிய சின்ன அறையில் நனைந்த கார்ப்பெட் வாடை. போனின் பூட்டு எண்ணைக் கடைக்காரர் கேட்டார். நானோ இருபது வருடத்துக்கு முந்தைய ஆபீஸ் பாஸ்வேர்டைச் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

கழக்கூட்டம் என்ற ஊரில் இருந்த அந்த ஆபீஸிலும் இதே வாடைதான். குடையோடு உள்ளே வரக் கூடாது என்று வாசலில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவர் உட்பட எல்லோரும் குடையோடுதான் வந்தோம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்பதால் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் எனக்கு ஏக மரியாதை. என்ன வேலை என்று யாராவது கேட்டால்தான் சங்கடம். மற்றவர்கள் கண்டுபிடிக்கிற குறைகளை, ஆபீஸ் பாஷையில் ‘பக்’குகளை, எழுதிவைப்பது என் வேலை.

எங்கள் கம்பெனி மருத்துவமனைகளுக்காக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் திருத்தி அமைத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எங்கள் ஆபீஸுக்கு விர்ச்சுவல் மெஷின் வந்திருந்தது. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல் பாவனை செய்யும் மென்பொருள் அது. உள்ளே இருக்கும் சிஸ்டத்துக்குத் தான் இருப்பது பொய்யான பெட்டி என்று தெரியாது. ஆனாலும் அங்கே போனதும் கோளாறு செய்யும். மௌஸ் அம்பு காணாமல் போகும். இல்லாத பிளாப்பி டிரைவைத் தேடிக்கொண்டே நிற்கும். இவற்றையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி, உண்மையான மெஷினிலும் இது வருகிறதா என்று ஒவ்வொரு பதிவின் கடைசிக் கட்டத்திலும் குறிப்பேன். ‘இல்லை’ என்றால் புரோகிராம் எழுதுபவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

செண்பகம் டெஸ்டிங்கில் இருந்தாள். தினமும் நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்து போவாள். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை, அதனால் மாலை பாசஞ்சரை மட்டும் விடவே மாட்டாள். ஒருநாள் திரையில் நேரம் பார்த்துக் கிளம்பியவள் ஸ்டேஷனில் ரயில் போய்விட்ட தண்டவாளத்தைத்தான் பார்த்திருக்கிறாள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பஸ் பிடித்து அவள் வீடு சேர்ந்தபோது குழந்தை அழுது தூங்கிப்போயிருந்ததாம்.

மறுநாள் வந்ததும் என் மேஜைக்கு வந்தாள். “நான் பார்த்தது மெஷினுக்குள்ள ஓடுத கடிகாரமாக்கும். அது பதினேழு நிமிஷம் பிந்தி ஓடுது. எழுதிக்கிடுங்க.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரயிலை விட்டதற்கு இப்படி ஒரு சாக்கை யாரும் கேட்டதில்லை. நானும் சிரித்தேன். அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மெஷினுக்குள் கனமான வேலைகளை ஓடவிட்டு, கால் மணிக்கொரு தரம் இரண்டு நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாள். மூன்று நாள் எழுதினாள். வேலைப் பளு ஏற ஏற உள்ளே இருந்த கடிகாரம் துடிப்புகளைத் தவறவிட்டுப் பின்தங்கியது. சந்தேகமே இல்லை. நான் கோப்பில் சேர்த்தேன்.

மேனேஜர் ஷாஜி சார் கொல்லத்துக்காரர். எங்களோடு தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு மலையாளம் பேசுவார்.

“ரியல் மெஷின்ல இது வராதல்லோ?”

“வராது சார்.”

“பின்ன இது பக் ஒண்ணும் அல்ல, கேட்டோ. எடுத்துக் களைஞ்ஞேக்கு.”

கோப்பிலிருந்து அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். ஒரு பட்டனை அழுத்துகிற வேலைதான். இரண்டு நாள் கழித்துச் செண்பகம் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறாள்.

“நீங்களா எடுத்திய?”

“சார் சொன்னார்.”

“எழுதினது நீங்கதான?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அதன்பிறகு என்னிடம் மெயிலில்தான் பேசினாள். நான்கு மேஜை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கண் மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. அங்கே எங்கள் சிஸ்டத்தை விர்ச்சுவல் மெஷினில்தான் ஓட்டியிருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை யாருக்கு எப்போது போட வேண்டும் என்று வார்டுக்கு நினைவூட்டுவது அதன் வேலை. நினைவூட்டல் பிந்தியதில் ஆறு பேருக்குக் கண்மணி விரியாமல் அன்றைய அறுவை சிகிச்சை தள்ளிப்போயிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு முதலில் அந்த ஆறு பேரின் நினைப்பு வரவில்லை. பதிவை எடுத்தவன் யார் என்று தெரிந்துவிடுமே என்ற பயம்தான் வந்தது.

ஷாஜி சார் கூப்பிட்டு, “இத பத்தி நம்ம கையில வல்லதும் உண்டோ?” என்றார், ஏதாவது பதிவு இருக்கிறதா என்ற அர்த்தத்தில். நான் செண்பகத்தின் மேஜைக்குப் போய் நின்றேன். நேரம் எழுதிய நோட்டு வேண்டும் என்றேன். அவள் இழுப்பறையைத் திறந்து கொடுத்தாள். “சீக்கிரம் அடிங்க. அங்க ஆளுவ காத்துக் கெடக்காவ.”

அவள் எழுதிய எல்லா நேரங்களையும் கோப்பில் டைப் அடித்தேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டேன். தேதியாகப் பழைய தேதியையே போட்டேன். எந்தத் தேதியில் யார் நீக்கியது என்று சொல்லி அதன் கீழே என் பெயரையும் சேர்த்தேன். அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஷாஜி சார் படித்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றார். “இது வேணோ?”

“நடந்தது அதுதானே சார்.”

அவர் பேனாவை எடுத்து, என் பெயருக்கு முன்னால் ‘மேனேஜர் சொன்னபடி’ என்று எழுதி, “இனி அயச்சோ” என்றார். அனுப்பிவைத்தேன்.

திருத்தம் எழுத ஒன்பது நாள் பிடித்தது. கம்பெனி யாரையும் எதுவும் சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. செண்பகம் மறுபடி நேரில் பேசத் தொடங்கினாள், வேலை விஷயம் மட்டும். அடுத்த வருடம் நாகர்கோவிலிலேயே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகிற அன்று எல்லோருக்கும் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தாள். எனக்கும் ஒரு கை, கூடவுமில்லை குறையவுமில்லை.

இன்று அந்தக் கோளாறே அபூர்வம். உள்ளே இருக்கும் சிஸ்டம் வெளியே நேரம் கேட்டுத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. சில வருடத்தில் எங்கள் கம்பெனியை வேறொருவர் வாங்கினார். பழைய சர்வர்களை அழித்து விற்றார்கள். முந்நூற்றுச் சொச்சம் பதிவுகள் கொண்ட அந்தக் கோப்பும் அதோடு போயிற்று. வேண்டுமானால் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வாரம் அவகாசம் தந்திருந்தார்கள். நான் அதில் போட்டுவைத்திருந்த என் கல்யாண போட்டோக்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.