ஒயில் மாற்றியதும் கடிதம் எழுதியதும்

பழைய கார் வைத்திருப்பவர்கள் இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள்: சிந்தெடிக் ஒயில் போடுவதா, வழமையான மினரல் ஒயில் போடுவதா? எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்புகிறேன். என்ஜினை முழுதாகக் கழற்றிப் புது சீல் போட்டிருந்தால் சிந்தெடிக் நல்ல சாமான். முப்பது வருடமாகக் கழற்றாத என்ஜின் என்றால் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். இதை எங்கே கற்றேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். அந்தப் பொய்யும் சேர வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. சண்டை நடந்துகொண்டிருந்த காலம். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு இருந்தோம், நானும் மனைவியும். நான் யாழ்ப்பாணத்தான், வங்கி உத்தியோகம். என்னிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இங்கிலாந்தில் செய்தது, இரண்டு பேர் மட்டும் இருக்கலாம், துணிக் கூரையை மடக்கிவிடலாம், கடும் பச்சை. அவுஸ்திரேலியாவுக்குப் போன ஒரு பறங்கிக் குடும்பம் விற்றுவிட்டுப் போனது.

அந்தக் காரில் எனக்கு ஏன் அவ்வளவு பைத்தியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் போனால் ஆமிக் காவலரணில் இறக்கி வரிசையில் விடுவார்கள். அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள். ஓரமாக நில் என்பார்கள். காரில் போனால் அதே ஆமிக்காரன் சிரித்தான். எந்த வருடத்து மொடல், எவ்வளவு வேகம் ஓடும் என்று கேட்டான். ஒருவன் தன் நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினான். டிக்கியைத் திறக்கச் சொல்ல மறந்தவர்களும் உண்டு. அந்தச் சீட்டில் இருக்கும்போது நான் தமிழன் என்பது அவர்களுக்கு இரண்டாவதாகத்தான் ஞாபகம் வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. வரிசையில் நிற்கும் மற்றத் தமிழரைக் கடந்து போவதும் பிடித்திருந்தது.

ஏழு வருடமாக அந்தக் காரை ஓடவைத்தவர் கொட்டாஞ்சேனையில் ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்டு கராஜ் வைத்திருந்தார். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். என் வயதுதான். மனைவியோடு ஜிந்துப்பிட்டியில் ஓர் அறையில் இருந்தார். அவர் என்னை ‘சேர்’ என்பார், ‘நீங்க’ என்பார். நான் அவரை ‘நீர்’ என்பேன். வீட்டில் அவரைப் பற்றிக் கதைக்கும்போது ‘தோட்டக்காட்டான்’ என்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம் என்று மனைவி எத்தனையோ தரம் சொன்னாள். பகிடிக்குத்தானே என்பேன். பகிடி ஒன்றும் இல்லை. அப்படித்தான் நினைத்தேன், அதனால் அப்படிச் சொன்னேன்.

லண்டனிலிருந்து என் மனைவியின் தம்பி விடுமுறையில் வந்தான். இரண்டு நாள் காரை ஓட்டிவிட்டு, என்ன ஒயில் போடுகிறேன் என்று கேட்டான். சொன்னேன்.

“இன்னும் மினரலோ? அங்க ஒருத்தரும் தொடமாட்டினம், அத்தான். இதுக்குத் தேங்காயெண்ணெயே ஊத்தலாம்” என்றான்.

சிந்தெடிக் சூட்டில் இளகாது, காலி வீதி நெரிசலில் நின்று நின்று போகும் காருக்கு அதுதான் சரி, என்ஜின் இன்னும் இருபது வருடம் இருக்கும் என்று விளக்கினான். எனக்கு ஆசை பிடித்துவிட்டது. அடுத்த நாள் அவனையும் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

“வேணாம் சேர். இது பழைய என்ஜின். கிராங்குக்குப் பின்னால றப்பர் சீல் கிடையாது, கயிறு சுத்தித்தான் வச்சிருக்கான். இத்தன வருஷத்து அழுக்குத்தான் அந்த இடுக்க அடைச்சிக்கிட்டு இருக்கு. நீங்க சொல்ற ஒயில் அதக் கழுவி எடுத்துரும். அப்புறம் ஒயில் பின்னால வந்து கிளச்சுல எறங்கும்.”

கெட்டியான மினரல் ஒயிலையே ஊற்றி, கொஞ்சம் முந்தி முந்தி மாற்றினால் போதும் என்றார். அவ்வளவு தெளிவாக எங்கள் மனேஜர்கூட ஒன்றை விளங்கப்படுத்தமாட்டார். சரி என்று சொல்லித்தான் காரை எடுத்தேன். சந்து முனை தாண்டவில்லை, மச்சான் சிரிக்கத் தொடங்கினான்.

“அத்தான், உங்கட எஞ்சினியர் கயிறு கட்டியெல்லோ காரை ஓட்டுறார்.”

நானும் சிரித்தேன். அவனோடு சேர்ந்து சிரித்ததால் பிறகு கெட்டியான ஒயிலை வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது. இதுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையொன்றில் சிந்தெடிக் வாங்கினேன். ஒரு போயா விடுமுறை நாளில் வீட்டுக்குப் பின்னால் காரை நிறுத்தி, பழைய ஒயிலை வடியவிட்டு, புதியதை நானே ஊற்றினேன். என்ஜின் பூனை மாதிரி ஓடியது. மச்சான் சந்தோஷமாக லண்டனுக்குப் போனான்.

மூன்று கிழமைக்குள் கார் நிற்கும் இடமெல்லாம் கறுப்பாகச் சொட்டத் தொடங்கியது. பிறகு அக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் கத்தியது, கார் நகரவில்லை. கிளச்சில் ஒயில் இறங்கிவிட்டது. அவர் சொன்னபடியே, சொன்ன இடத்தில்.

திரும்பவும் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன். அவர் கீழே படுத்துப் பார்த்தார். எழும்பி வந்து, ஒயில் மாற்றினீர்களா என்று கேட்டார். நீர் சொன்ன ஒயிலைத்தான் மாற்றினேன், அதே கெட்டிதான் என்றேன். பழைய அழுக்கெல்லாம் கரைந்து புது ஒயிலும் கறுத்துப் போயிருந்தது. பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. அதைவிட, என் பேச்சை அவர் நம்பினார். கோட்டுப் போட்டு வங்கிக்குப் போகும் ஆள் ஒயில் விஷயத்தில் பொய் சொல்வான் என்று அவருக்கு ஏன் தோன்ற வேண்டும்?

அதனால் அவர் தன் வேலையைச் சந்தேகப்பட்டார். போன வருடம் தான் போட்ட கஸ்கட் பிழையோ, தான் இறுக்கியது காணாதோ என்று யோசித்தார். தன் பிழை என்றால் தானே சரிசெய்து தருவேன் என்றார். நான் மறுக்கவில்லை. இப்படிச் செய்துவிட்டீரே என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

ஒரு கிழமை அவர் இல்லாத பிழையைத் தேடினார். கிளச்சைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார், கஸ்கட்டை மாற்றினார். ஒரு புதன்கிழமை பின்னேரம் ஓட்டிப் பார்க்க வெளியே எடுத்தார். துறைமுகப் பக்கத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறும் மேட்டில் ஒரு காவலரண் இருந்தது. அதற்குப் பக்கத்தில் கிளச் திரும்பவும் வழுக்கியது. என்ஜின் கத்துகிறது, கார் ஏறவில்லை. அந்த நாட்களில் காவலரணுக்குப் பக்கத்தில் ஒரு கார் நின்றால் என்ன நினைப்பார்கள் என்று கொழும்பில் இருந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. இந்த மனிதன் இறங்கி, காருக்குக் கீழே படுத்துவிட்டார். ஒழுக்கு எங்கே என்று பார்க்க. துவக்கோடு வந்து காலைப் பிடித்து இழுத்து எடுத்திருக்கிறார்கள்.

அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம். வாடகைக்கு இருப்பவர்களின் பெயரைப் பொலிஸில் பதிய வேண்டிய காலம்; ஜிந்துப்பிட்டி வீட்டுக்காரன் இவர்களைப் பதியவே இல்லை. கார் வேறொருவர் பெயரில். பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவருடைய மனைவி வாசலில் வந்து நின்றாள். விடிய வெளிக்கிட்டு வந்திருக்கிறாள். நடந்ததைச் சொன்னாள்.

“அய்யா வந்து, இவரத் தெரியும்னு ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்களாம். காரு அய்யாவோடதுதானே.”

என் மனைவி உள்ளே போய் என் அடையாள அட்டையை எடுத்து வந்து கையில் தந்தாள். நான் போவேன் என்று நினைத்துவிட்டாள். பொலிஸ் நிலையத்துக்குள் நானாகப் போய், இன்னாரைத் தெரியும் என்று கையெழுத்து வைப்பதா? பிறகு அவனுக்கு இயக்கத்தோடு தொடர்பு என்று வந்தால் என்னையும் சேர்த்து இழுப்பார்கள். அவரை ஏழு வருடமாகத் தெரியும். ஒயிலைத் தவிர வேறு ஒன்றோடும் அந்த மனிதனுக்குத் தொடர்பில்லை என்றும் தெரியும். தெரிந்துகொண்டே அப்படி நினைத்தேன்.

அலுவலகத்தில் லீவு எடுக்க முடியாது, கடிதம் தருகிறேன், அது போதும் என்று அவளிடம் சொன்னேன். மேசையில் இருந்து ஆங்கிலத்தில் எழுதினேன். என் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். இந்த வாகனம் என்னுடையது, திருத்துவதற்காக ஒரு கராஜில் விட்டிருந்தேன் என்று எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு வசனம் எழுதினேன்: அதை ஓட்டிச் சென்ற நபரைப் பற்றி எனக்குத் தனிப்பட்ட முறையில் எதுவும் தெரியாது.

மடித்து, உறையில் போட்டு, அவள் கையில் கொடுத்தேன். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. இரண்டு கையாலும் வாங்கி, சாறி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, நல்லா இருங்க அய்யா என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கடிதத்தைத் தானே கொண்டுபோய்ப் பொலிஸ் மேசையில் கொடுத்திருக்கிறாள்.

சனிக்கிழமை திரும்பவும் வந்தாள். கடிதத்தைப் பார்த்துவிட்டு ஃபைலில் வைத்துக்கொண்டார்களாம், ஆளை விடவில்லையாம். கார்ச் சொந்தக்காரரே வர வேண்டுமாம். நான் அறைக்குள் இருந்துகொண்டு வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். என் மனைவி அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு அறைக்கு வந்தாள்.

“உங்களுக்காகப் பொய் சொன்னனான். இனிச் சொல்லமாட்டன். என்ன எழுதிக் குடுத்தனீங்கள்?”

நான் பேப்பரை எடுத்து விரித்தேன். அவள் அன்றைக்குப் பிறகு என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள்.

அடுத்த வியாழன் மெக்கானிக்கின் மனைவி மூன்றாவது தடவை வந்தாள். இந்தத் தடவை நான் வாசலில் அகப்பட்டுவிட்டேன். அவள் அழவில்லை, கெஞ்சவுமில்லை. அவர் சாப்பிடுவதில்லை, இரண்டு நாளாக இருமல் என்றாள். வருகிறேன், பார்ப்போம் என்றேன். படியில் இறங்கப் போனவள் நின்று, “காரு பொலிஸ் முத்தத்துல கூரையில்லாம நிக்கிது அய்யா. ரெண்டு நாளா மழ” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை லீவு போட்டுவிட்டுப் போனேன். எழுதுவதற்குக் கை கூசுகிறது, ஆனால் இதுதான் உண்மை. மனிதன் இருமுகிறான் என்றபோது நான் போகவில்லை. சீட்டுத் தோல் நனைகிறது என்றபோது போனேன்.

சார்ஜன்ட் வயதானவர். என்னை உட்காரச் சொல்லி, ஆளைக் கூட்டிவரச் சொன்னார். ஒன்பது நாள் தாடியோடு, அதே ஒயில் பிடித்த சேர்ட்டோடு அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சார்ஜன்ட் ஃபைலைத் திறந்து என் கடிதத்தை எடுத்து, சிங்களத்தில் கேட்டார்: இந்த ஆளைத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள், இப்போது என்ன சொல்கிறீர்கள்? தெரியும், ஏழு வருடமாகத் தெரியும் என்றேன். அப்படியென்றால் ஏன் இப்படி எழுதினீர்கள் என்றார். என் ஆங்கிலத்தில் பிழை வந்துவிட்டது என்றேன்.

சார்ஜன்ட் கடிதத்தை மடித்துத் திரும்பவும் ஃபைலில் வைத்தார். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பி, உன் துரை மஹத்தயாவுக்கு இன்றைக்கு உன்னைத் தெரியுமாம் என்றார். மெக்கானிக்குக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும்.

கடதாசி எழுதி முடிக்கும்வரை இரண்டு பேரும் ஒரே மர வாங்கில் இருந்தோம். கடிதத்தைப் பற்றிக் கதைக்க என்னால் முடியவில்லை. அதைவிடச் சின்னப் பிழையை எடுத்துச் சொன்னேன்: ஒயில் நீர் சொன்னது இல்லை, சிந்தெடிக்தான் ஊற்றினேன் என்றேன்.

“தெரியும் சேர். ரோட்டுல படுத்து விரல்ல தொட்ட ஒடனே தெரிஞ்சிருச்சி. சூட்டுல அதோட வாடையே வேற மாதிரி இருந்திச்சி. எந்திரிக்கிறதுக்குள்ள வந்துட்டாங்க.”

பொலிஸிடம் அவர் அதைச் சொல்லியிருக்கலாம். சேர் பொய் சொன்னார், அதனால்தான் கார் நின்றது என்று. சொல்லவில்லை என்று சார்ஜன்டின் கேள்விகளிலிருந்து தெரிந்தது.

வாசலுக்கு வெளியே அவருடைய மனைவி நின்றாள். அவரைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்து, குனிந்து என் காலைத் தொடப் போனாள். நான் பின்னால் போனேன்.

“அய்யா குடுத்த கடுதாசிதான் இவரக் காப்பாத்திச்சி. இல்லாட்டி எங்கேயாவது அனுப்பியிருப்பாங்க” என்றாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள். “சொல்லுங்க, அய்யாவுக்கு.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு பஸ் போனது. அவர் வாய் திறந்தால் அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்துவிடும். தெரிய வேண்டும் என்று எனக்கு அந்த நிமிடம் இருந்தது. ஆனால் நான் சொல்லவில்லை.

“ஆமா” என்றார் மனைவியிடம். “அய்யாவோட கடுதாசிதான்.”

ஏழு வருடம் ‘சேர்’ என்று கூப்பிட்டவர் அன்றைக்குத்தான் ‘அய்யா’ என்றார். அவளைக் கூட்டிக்கொண்டு வீதியைக் கடந்து போனார். காரை வேறு ஆளை வைத்து இழுத்துக்கொண்டு வந்தேன். கொட்டாஞ்சேனைக்கு நான் பிறகு போகவில்லை. அவர் வெள்ளவத்தைக்கு வரவில்லை, வர அவருக்கு என்ன தேவை? என்ன எழுதிக் கொடுத்தேன் என்று மனைவி கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இதை அவள் வாசிப்பாள்.