தண்ணீர்த் தொட்டி மேல் வந்த பிறை

பெருநாளை ஒரு நாள் முன்னதாகவே கொண்டுவரப் பார்த்தவள் என்று திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, பால் வாங்கப் போனாலும் சரி, யாராவது ஒருவர், "டீச்சர், இந்த வருசம் பிறை என்னைக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் சுருக்கென்று கோபம் வந்தது. இப்போது அவர்களுக்கு முன்னால் நான் சிரித்துவிடுகிறேன்.

நான் கணக்கு டீச்சர். சிறுமலையில் ஓர் அரசுப் பள்ளியில் வேலை. மலைக்குப் போகும் பஸ்ஸை நம்பினால் இரண்டாவது பீரியடின் பாதியில்தான் போய்ச் சேர முடியும் என்பதால் ஸ்கூட்டரில் போகிறேன். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வரும். வீட்டில் நான் மகள், மனைவி, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. பள்ளியில் டீச்சர். அந்தப் பாதையில் மட்டும் நான் யாருக்கும் யாரும் இல்லை. ஹெல்மெட்டுக்குள் கர்ணகடூரமாகப் பாடிக்கொண்டே போவேன். மலைக்குரங்குகளைத் தவிர இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

அந்தச் சுகத்துக்குத்தான் வேட்டு வைக்கப் பார்த்தது என் கண்.

முதல் தடவை வந்தது ஒன்பதாம் வகுப்பில், சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது. கரும்பலகையில் எழுதியதைத் திரும்பிப் பார்த்தால் சமக்குறியைக் காணோம். மறந்துவிட்டேன் என்று இன்னொன்று போட்டேன். "டீச்சர், ரெண்டு போட்டுட்டீங்க" என்றது முன் வரிசை. அதற்குள் சமக்குறி இருந்த இடத்தில் சின்னதாக ஒன்று மினுங்க ஆரம்பித்தது. மினுங்கியபடியே வளைந்தது, வளைந்தபடியே பெரிதானது. அதன் ஓரமெல்லாம் ரம்பத்தின் பல் மாதிரி கூர்கூராக இருந்தது. வளைவுக்கு உள்ளே இருந்தவை எல்லாம் பார்வையிலிருந்து அழிந்துபோயின. இருபத்தைந்து நிமிடத்தில் அது கண்ணின் விளிம்புக்கு நகர்ந்து, அப்படியே காணாமல் போனது. வலி இல்லை, மயக்கம் இல்லை. வேறு ஒன்றுமே இல்லை.

அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை வந்தது. முதலில் பார்த்த கண் டாக்டர் கண்ணாடியின் பவரை மாற்றினார். புதுக் கண்ணாடியில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது கண் டாக்டர் சொட்டு மருந்து ஊற்றி, விளக்கு அடித்துப் பார்த்து, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று வாழ்த்தி அனுப்பினார். மூன்றாவது போனது எங்கள் பகுதி டாக்டரிடம். "தலைவலி இருக்கா?" என்றார். "இல்லை" என்றேன். "வாந்தி?" "இல்லை." "தலை சுத்து?" அதுவும் இல்லை. கேட்ட எதுவும் என்னிடம் இல்லாததில் எனக்கே கூச்சமாகிவிட்டது. ஒன்றாவது இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தேன். கேஸ் டிரபிளாக இருக்கும் என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் என் கணவரிடம் மட்டும், "கண்ணு கூசுது" என்று பட்டும் படாமலும் சொல்லி வைத்திருந்தேன். செருப்புக் கடை வைத்திருக்கும் அவர், வாடிக்கையாளரின் காலைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். என் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க மாட்டார். அத்தா இறந்த பிறகு எங்களோடு இருக்கும் அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் ஸ்கூட்டருக்கு அன்றோடு முழுக்கு.

ஆனால் ஏழாவது வளைவில் ஒரு நாள் எனக்கே பயம் வந்துவிட்டது. எதிரே வாழைத்தார் ஏற்றிய லாரி வந்தது. அதன் வலதுபக்கச் சக்கரத்தைக் காணோம். சக்கரம் இல்லாமல் லாரி வராது என்று கணக்கு டீச்சரின் மூளை சொன்னது. ஓரமாக நிறுத்தி, கல்லில் உட்கார்ந்து, அது முடியும்வரை காத்திருந்தேன். மாறுதல் கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டியதுதானா என்று அப்போதுதான் முதல்முறையாக யோசித்தேன்.

நோன்பு வந்தது. இருபத்தொன்பதாம் நோன்பைத் திறந்துவிட்டு, பிறை தெரிந்தால் மறுநாளே பெருநாள் என்று தெருவே மொட்டைமாடியில் நின்றது. எங்கள் வீட்டில் பிறையை முதலில் பார்ப்பவள் எப்போதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. மேற்கே தென்னை மரங்களுக்கும் செல்போன் டவருக்கும் நடுவில் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிசாக, வெள்ளி நூல் மாதிரி ஒன்று வளைந்து மின்னியது.

"பிறை தெரியுது" என்றேன்.

பக்கத்து மாடிகள் எல்லாம் என் விரலையே பார்த்தன. யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும்தான் தெரிகிறது என்பதில் திமிர் இன்னும் ஏறியது. என் கணவர் பெருமையோடு பள்ளிவாசலுக்குப் போன் போட்டு, ஜமாத்தில் இருக்கும் ஒரு பெரியவரிடம் விஷயத்தைச் சொல்லி, போனை என் கையில் கொடுத்தார். பிறை பார்த்தேன் என்று யார் சொன்னாலும் அவர்கள் விசாரிக்காமல் விடமாட்டார்கள்.

"கொம்பு எந்தப் பக்கம் பாக்குதும்மா?" என்றார் பெரியவர்.

"வலது பக்கம். ஓரமெல்லாம் பல்லு பல்லா இருக்கு. மினுமினுன்னு மினுங்குது."

"பிறை மினுங்காதும்மா. நீங்க ஒண்ணு செய்யுங்க. அப்படியே பின்னாடி திரும்பிப் பாருங்க. இப்ப எங்க இருக்கு?"

திரும்பினேன். கிழக்கே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. "இப்ப தொட்டி மேல இருக்கு" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. இத்தனை மாதம் என் கண்ணுக்குள் குடியிருந்ததை வானத்தில் வைத்து அடையாளம் தெரியாமல் போய்விட்டது. ஆசை அப்படி.

"தொட்டி மேல வர்ற பிறைக்கு நாங்க பெருநாள் சொல்ல முடியாதும்மா" என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல். "நாளைக்கு முப்பதாவது நோன்ப வைங்க. பெருநா கழிச்சு நல்ல டாக்டராப் பாருங்க."

அவர் சிரிக்காததற்கெல்லாம் சேர்த்து எங்கள் தெரு சிரித்தது. ஆனால் என் பக்கத்தில் நின்ற அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் படியிறங்கிப் போனாள். மறுநாள் காலையில் ஒரே வாக்கியம்தான் சொன்னாள்: "இனிமே நீ அந்த வண்டியத் தொடக் கூடாது."

நான் எவ்வளவோ வாதாடினேன். அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். பெருநாள் பிரியாணி வாயில் போனதே எனக்குத் தெரியவில்லை. விடுமுறை முடிந்து பஸ்ஸில் போனேன். இரண்டாவது பீரியடின் பாதியில் நுழைந்த என்னைப் பார்த்து ஒன்பதாம் வகுப்பு முழுக்க எழுந்து நின்று, தாமதமாக வரும் பிள்ளைகளிடம் நான் கேட்கும் கேள்வியை என்னிடமே கேட்டது.

மதுரையில் ஒரு பெண் நரம்பு டாக்டரிடம் நானும் கணவரும் போனோம். என்னைவிட வயதில் சின்னவர். அவரும் தலைவலி இருக்கிறதா என்றுதான் ஆரம்பித்தார். இல்லை என்றதும் மாத்திரைச் சீட்டை எடுக்காமல், ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் என் முன்னால் நகர்த்தினார். "பாத்தத வரைங்க."

நான் விடுவேனா? ஐந்து கட்டம் போட்டேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே இத்தனையாவது நிமிடம் என்று எழுதினேன். நடுப்புள்ளி, வளைவு, பல், அழிந்த இடத்துக்கு லேசாக நிழல். ஒரு கண்ணை மூடினாலும் தெரிகிறதா, இரண்டு கண்ணுக்கும் ஒன்றா என்று அவர் கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. சோதித்துப் பார்த்து வைத்திருந்தேனே. தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த அவர் முகம் மலர்ந்தது. எதற்கும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில் ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு விளக்கினார்.

மூளையின் பின்பக்கம், பார்வையைக் கவனிக்கிற இடத்தில், ஒரு சின்ன அலை மெதுவாக நகர்ந்து போகிறதாம். அது கண்ணின் கோளாறே இல்லை. மைக்ரேன் தலைவலிக்காரர்கள் சிலருக்கு வலி வருவதற்கு முன்னால் இந்த மினுக்கம் வரும். சிலருக்கு மினுக்கம் மட்டும் வந்து வலி வராமலே போய்விடும். மேளமெல்லாம் தெருவைத் தாண்டிப் போன பிறகும் மாப்பிள்ளை வராத ஊர்வலம் மாதிரி என்று நான் சொன்னதும் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

"வண்டி ஓட்டலாமா?" என்றேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பது போல இருந்தது.

"ஓட்டலாம். ஆனா ஆரம்பிச்ச உடனே ஓரமா நிறுத்தணும். முழுசாப் போய் பத்து நிமிஷம் ஆகாம எடுக்கக் கூடாது. பட்டினி, தூக்கம் கெடுறது, தண்ணி குடிக்காம இருக்கிறது, இதெல்லாம் இழுத்துட்டு வரும். நோன்பு நேரத்துல விடியுறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுல நல்லாத் தண்ணி குடிங்க. திடீர்னு ஒரேயடியா இருட்டினாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிஷம்கூட வீட்ல இருக்காதீங்க." கடைசியாகக் கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இது இருக்கா?"

"யாருக்கும் இல்லை" என்று அடித்துச் சொன்னேன்.

திண்டுக்கல் வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் இல்லை. அம்மா அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதை ஒப்பித்துவிட்டு, நான் வரைந்த தாளை அவள் முன்னால் விரித்தேன். அம்மா கீரையைத் தள்ளி வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஐந்து கட்டத்தையும் ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

"இது என்னோடதாச்சே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"இதேதாண்டி. இதே பல்லு. இப்படித்தான் சின்னதா வந்து வளஞ்சு வளஞ்சு போகும். நீ நடக்கப் பழகுன வருசம் மொதமொத வந்துச்சு. இன்னமும் வருது. மாடியில நீ போன்ல பல்லு பல்லா இருக்குன்னு சொன்னியே, அப்பவே எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. என்னோடது உனக்கும் வந்துருச்சேன்னு."

"யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

"யார்கிட்ட சொல்லுறது? உங்கத்தா மாசத்துல பாதி நாளு வெளியூரு. கண்ணு போகப் போகுதுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். அது வர்றப்பல்லாம் உங்க மூணு பேரையும் கூப்புட்டு வரிசையா உக்கார வச்சுப் பாப்பேன். கண்ணு போனப்புறம் உங்க மூஞ்சி மறந்துறக் கூடாதுல்ல. அப்புறம் பழகிருச்சு. பயம் மட்டும் போகல."

எனக்கு அந்த வரிசை ஞாபகம் வந்தது. அக்கா, நான், தம்பி. அம்மா திடுதிப்பென்று கூப்பிடுவாள். நாங்கள் போய்ச் சம்மணம் போட்டு உட்காருவோம். ஒரு வார்த்தை பேசாமல் எங்கள் முகங்களை மாற்றி மாற்றி உற்றுப் பார்ப்பாள். திருட்டுத்தனம் ஏதோ தெரிந்துவிட்டது என்று நாங்கள் நடுங்குவோம். தம்பி தாங்க முடியாமல், சர்க்கரை டப்பாவில் கை வைத்ததை, பென்சிலைத் தொலைத்ததை, எல்லாவற்றையும் தானே கக்கிவிடுவான். அம்மா திட்டவே மாட்டாள். அது ஏன் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

நான் அழுதுவிட்டேன். விசும்பி விசும்பி அழுதேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, அப்புறம் தோள் குலுங்க.

"ஒண்ணும் செய்யாதுன்னா அந்த டாக்டரு சொன்னாங்க? அம்புட்டு வருசமும் சும்மாவா பயந்தேன்?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர், ஒருத்தி அழுவதையும் ஒருத்தி சிரிப்பதையும் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் வெளியே போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம் அம்மாவையும் அதே டாக்டரிடம் காட்டினோம். எல்லாம் சரி என்று ஆன பிறகும் ஸ்கூட்டர் விஷயத்தில் அம்மா பிடி கொடுக்கவில்லை. "ஞாயித்துக்கெழமை என்னையும் ஏத்திட்டுப் போ. நீ எப்படிப் போறேன்னு பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள்.

எழுபது தாண்டிய அம்மா, இரவல் ஹெல்மெட்டை முக்காட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். லைசென்ஸ் வாங்க எட்டுப் போட்ட அன்றுகூட நான் அவ்வளவு பயந்ததில்லை. பாடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தேன். பதினொன்றாவது வளைவில் அம்மா என் தோளைத் தட்டினாள்.

"நிப்பாட்டு."

போச்சு, தோற்றேன் என்று நினைத்துக்கொண்டு ஓரம் கட்டினேன்.

"எனக்கு வந்துருச்சு" என்றாள் அம்மா.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தடுப்புச் சுவரில் இருவரும் உட்கார்ந்தோம். கீழே சமவெளி முழுக்க வெயில் அடித்தது. நான் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்துக்கொண்டேன். அம்மா அது எங்கே வந்துவிட்டது, எவ்வளவு வளைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நாற்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாததைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"வாயி இருக்கு. மூக்குக்கு மேல ஒண்ணுமே இல்லடி" என்று சிரித்தாள். "இப்படியே நல்லாத்தான் இருக்க."

நான் அசையாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக என் கண், நெற்றி, முக்காடு என்று ஒவ்வொன்றும் திரும்பி வருவதை அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன். இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அப்புறம் ஒரு பத்து நிமிடமும் காத்திருந்தோம்.

"முழுசா வந்துட்ட" என்றாள் அம்மா. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைக் கேட்டாள். "உன் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் எம்புட்டுத் தூரம்? வண்டிய எடு."